கேட்காமலே சொன்ன பதில்

பந்து தரையில் மோதும் சத்தம் கேட்டுத்தான் ஸ்தென்கா கண் விழித்தாள். கூடாரத்தில் பக்கத்துப் படுக்கை காலியாகக் கிடந்தது. விலெம் விடிந்ததுமே எழுந்து போயிருந்தான்.

தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தாள். ஏரிக்கு இறங்கும் புல்தரையில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவள் புருஷன், அந்தப் பக்கம் இங்கோல்ஃப். இருவருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. இருவருக்கும் வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. ஆனாலும் பந்தைக் காலாலேயே கயிற்றுக்கு மேலே தட்டித் தட்டி, பள்ளிக்கூடம் விட்ட பையன்களைப் போலக் கத்திக்கொண்டிருந்தார்கள். இவன் கத்துவது செக் மொழி, அவன் கத்துவது ஜெர்மன். ஒருவன் பேச்சு மற்றவனுக்குப் புரியாது. அப்படியிருந்தும் வந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் வாய் ஓயவில்லை.

எல்லாம் ஒரு காபிப் பாத்திரத்தில் ஆரம்பித்தது. தங்கள் ஊரான பிர்னோவிலிருந்து வந்து, ஹங்கேரியின் பாலாட்டன் ஏரிக்கரையில் கூடாரம் அடித்த அன்றைக்கே விலெம் உதைத்த பந்து பக்கத்துக் கூடாரத்துக் காபியைக் கவிழ்த்துவிட்டது. ஸ்தென்கா மன்னிப்புக் கேட்க ஓடுவதற்குள், அந்தக் கூடாரத்திலிருந்து ஒரு நெட்டையன் வெளியே வந்தான். பந்தைக் கால் நுனியில் எடுத்து, முட்டியில் ஒருமுறை, தலையில் ஒருமுறை தட்டி, விலெமின் காலடிக்கே திருப்பி அனுப்பினான். காபியைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

மறுநாள் விலெம் தன் ஊர் ஆட்டத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். நடுவில் ஒரு கயிறு. கை படக் கூடாது. பந்து ஒருமுறைதான் தரையில் படலாம். கயிற்றின் ஒரு முனையைப் பாப்ளர் மரத்திலும் மறுமுனையை இங்கோல்ஃபின் டிராபன்ட் கார்க் கூரையிலும் கட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் முகாம் முழுவதும் அந்தப் பைத்தியம் பிடித்து, இன்று இறுதி ஆட்டம் வரை வந்திருந்தது. இவர்களோடு மூன்றாவது ஆளாக ஆடுவது ஸ்தென்காவின் மகள் ராட்கா. பள்ளியில் ஜெர்மன் படித்தவள் என்பதால் இரண்டு பேருக்கும் துபாஷியும் அவள்தான்.

விலெம் இப்படி வாய்விட்டுச் சிரித்து ஸ்தென்கா பார்த்தது எந்தக் காலத்திலோ. ஒரு காலத்தில் அவன் முதல் டிவிஷனில் கால்பந்து ஆடியவன். அறுபத்தெட்டில் ரஷ்ய டாங்கிகள் ஊருக்குள் வந்தன. அடுத்த வருஷம் கிளப்பில் கூட்டம் போட்டு, அவை வந்தது நல்லதுதான் என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள். எல்லாரும் தூக்கினார்கள். அவன் தூக்கவில்லை. பந்து அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு தண்ணீர் வாரியத்தில் பம்புகளோடு வாழ்க்கை. பள்ளியில் படித்த ரஷ்ய மொழியில் அன்றிலிருந்து அவன் வாயே திறப்பதில்லை.

தூக்காத அந்தக் கை மகள் வரைக்கும் நீண்டது. மருத்துவக் கல்லூரியில் ராட்காவுக்கு இரண்டு தடவை இடம் மறுத்தார்கள். மூன்றாவது தடவையாக இந்த ஜூனில்தான் கிடைத்திருந்தது.

ஸ்தென்கா துணி வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

இங்கோல்ஃபின் மனைவி கெர்லிண்ட் அங்கே ஏற்கனவே நின்றிருந்தாள். குழாயைத் திறந்துவிட்டிருந்தாள், ஆனால் துவைக்க அவளிடம் துணி எதுவும் இல்லை.

இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றே ஒன்றுதான். இரண்டு நாட்டிலும் பள்ளிக்கூடத்தில் வலுக்கட்டாயமாகத் திணித்த ரஷ்ய மொழி. முதல் நாள் அதில் பேசப் போய், சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இன்றைக்குக் கெர்லிண்ட் சிரிக்கவில்லை.

"ஸ்தென்கா, ஒண்ணு கேக்கணும். இன்னிக்கு விட்டா அப்புறம் கேக்கவே முடியாது."

"என்ன?"

"நாங்க கிளம்புறோம்."

"லீவு இன்னும் முடியலையே?"

"வீட்டுக்கு இல்ல."

ஸ்தென்கா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தம் கூடியது.

எண்பத்தொன்பதாம் வருஷத்து அந்த ஆகஸ்டில் ஏரிக்கரை முழுக்க இதே குசுகுசுப்புத்தான். ஆஸ்திரிய எல்லையில் முள்கம்பியை வெட்டுகிறார்களாம். காவலர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார்களாம். இங்கோல்ஃப் குடும்பத்தைப் போன்ற கிழக்கு ஜெர்மன்காரர்களின் கூடாரங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. டிராபன்ட் கார்கள் சாவியோடு சாலையோரத்தில் கிடந்தன.

"எங்க வண்டியைப் பாத்தாலே நிறுத்துறாங்க," என்றாள் கெர்லிண்ட். "ரெண்டு நாள் முன்னாடி எங்க ஊர்க்காரங்களைப் பாதி வழியிலேயே திருப்பிட்டாங்க. உங்க ஸ்கோடான்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. எல்லைகிட்ட, சோப்ரோன் டவுனுக்கு முன்னால ஒரு கிராமம் இருக்கு. அங்க இறக்கிவிட்டா போதும். மிச்ச தூரத்தைச் சோளக்காட்டு வழியா நடந்துருவோம்."

"இங்கோல்ஃப் கேக்கச் சொன்னாரா?"

"அவர் கேக்க மாட்டேங்கிறார். விலெம்கிட்ட எது பேசணும்னாலும் ராட்கா மூலமாத்தானே பேசணும்? அந்தப் பொண்ணை இதுல இழுக்கக் கூடாதுன்னு ஒரே பிடிவாதம். அதான் நான் உங்ககிட்ட வந்தேன்." அவள் ஸ்தென்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "விலெம் முடியாதுன்னா பரவாயில்லை. கேட்டு மட்டும் சொல்லுங்க."

"கேட்டுச் சொல்றேன்," என்றாள் ஸ்தென்கா.

அப்போது அவள் கேட்கத்தான் நினைத்தாள். குழாயடியிலிருந்து கூடாரம் வரை வரும் வழி முழுக்க, எப்படி ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தாள்.

விலெம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வலது முட்டியில் துணிக்கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சந்தோஷம்.

"இந்த ஜெர்மன்காரன் ஏன் என் கிளப்புல பொறக்காமப் போனான், சொல்லு! நான் பந்தைத் தொடுறதுக்கு முன்னாடியே அது எங்க போகும்னு அவனுக்குத் தெரியுது. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை."

ஸ்தென்கா அவன் முகத்தையே பார்த்தாள். கேட்டால் என்ன சொல்வான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்தாள். ஊரே கை தூக்கியபோது தூக்காதவன். துணிக்கட்டை முடிச்சுப் போட்டுவிட்டு, கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான். வழியில் பிடிபட்டால்? ராட்காவுக்கு இனி நான்காவது தடவை என்று ஒன்று கிடையாது.

"என்ன அப்படிப் பாக்குறே?"

"முட்டி வலிக்குதா?" என்றாள்.

"ஜெயிச்சா வலிக்காது."

அவள் திரும்பி நடந்தாள். ஜெர்மன் கூடார வாசலில் கெர்லிண்ட் நின்றுகொண்டிருந்தாள். எதிர்பார்ப்பு முகத்தில் தெரியாமல் இருக்க அவள் பட்ட பாட்டை ஸ்தென்காவால் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"கேட்டேன். முடியாதுன்னுட்டார். என்னை மன்னிச்சுருங்க."

"புரியுது," என்றாள் கெர்லிண்ட். உடனே சொன்னாள். "நிஜமாவே புரியுது. நீங்க வருத்தப்படாதீங்க."

அவர்களுடைய ஐந்து வயதுப் பெண் சில்கே சீப்போடு ஓடி வந்தாள். தினமும் காலையில் ஸ்தென்காதான் அவளுக்குப் பின்னல் போட்டுவிடுவது வழக்கம். குழந்தை முதுகைக் காட்டி மடியில் உட்கார்ந்தாள். ஸ்தென்கா பின்னினாள். வகிடு கோணலாகிப் போயிற்று. அவிழ்த்து மறுபடியும் பின்னினாள்.

இறுதி ஆட்டத்துக்கு முகாம் முழுக்கத் திரண்டிருந்தது. எதிரணி ஜியோர் ஊர்த் தீயணைப்புக்காரர்கள் மூன்று பேர். மூவருமே இளவட்டங்கள்.

"தாத்தாமாரே, வீட்டுக்குப் போய் மருந்து குடிங்க!" என்று ஒருவன் கத்தினான்.

"முதல்ல பந்தைத் தொட்டுக் காட்டுடா, அப்புறம் மருந்து வாங்கித் தரலாம்!" என்றான் விலெம். அவர்கள் பேசியது ஹங்கேரிய மொழி, இவன் பேசியது செக். இருந்தாலும் இரண்டு பக்கமும் சரியாகவே புரிந்துகொண்டது.

ஸ்தென்கா ஆட்டத்தைப் பார்க்கவில்லை, இங்கோல்ஃபைத்தான் பார்த்தாள். கெர்லிண்ட் அவனிடம் சொல்லியிருப்பாள். இந்த மனுஷன் நமக்கு முடியாதென்று சொல்லிவிட்டான் என்று தெரிந்தும், அவன் விலெமுக்கு அழகு அழகாகப் பந்து எடுத்துக் கொடுத்தான். விலெம் புள்ளி எடுத்தபோதெல்லாம் ஓடிப்போய்த் தோளில் தட்டினான். ஒருமுறைகூட அவன் முகம் மாறவில்லை. மாறியிருந்தால் தேவலை என்று ஸ்தென்காவுக்குத் தோன்றியது.

கடைசிப் புள்ளி வரை போட்டி சமமாக வந்தது. தீயணைப்புக்காரன் தலையால் தட்டிய பந்து விலெமின் வலப்பக்கம் தாழ்வாக இறங்கியது. பாய்ந்து விழுந்திருந்தால் எடுத்திருக்கலாம். விலெம் ஒரு கணம் தயங்கினான். முட்டி தயங்கியது. பந்து இரண்டாவது தடவை தரையில் பட்டது.

ஹங்கேரியர்கள் கத்திக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். விலெம் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

இங்கோல்ஃப் அவன் எதிரில் வந்து குந்தினான். இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, நீளமாக என்னவோ சொன்னான். பிறகு ராட்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பா, அவர் சொல்றார்..." ராட்கா கொஞ்சம் தயங்கினாள். "உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லைன்னு. குடும்பம் இருக்கிறவன் யோசிக்கத்தான் செய்வான். உங்க இடத்துல நான் இருந்திருந்தாலும் இதையேதான் செஞ்சிருப்பேன்னு."

விலெம் வாய்விட்டுச் சிரித்தான்.

"பாத்தியா இவனை! ஒரு பந்தை விட்டதுக்கு எவ்வளவு பெரிய பேச்சு! சரிதான், குடும்பஸ்தன் முட்டியைக் காப்பாத்திக்கணும்ல? அடுத்த வருஷம் இதே இடத்துல இவனுங்களைப் பாத்துக்கலாம்னு சொல்லு."

ராட்கா சொன்னாள். இங்கோல்ஃபின் தாடை அசைந்தது. விலெமை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். தோற்ற ஆட்டத்துக்கு யாரும் அவ்வளவு நேரம் கட்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

அவன் தோளுக்கு மேலாக ராட்கா தன் அம்மாவைப் பார்த்தாள். ஸ்தென்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மொழிபெயர்க்கப் பக்கத்திலேயே ஆள் இருந்தது. பின்னாளில் அந்தக் கணத்தை அவள் எத்தனையோ தடவை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். அப்போது அவள் செய்தது, துண்டை எடுத்து உதறியது மட்டும்தான்.

மதியம் சாப்பிட்டதும் ராட்கா வந்து கையை நீட்டினாள்.

"அம்மா, சாவி குடு. டவுனுக்குப் போயிட்டு வரேன்."

"தனியாவா?"

"பின்னே, ஊர்வலமாவா போவாங்க?"

மகள் குரலில் ஒரு விறைப்பு இருந்தது. ஆட்டத்தில் தோற்ற எரிச்சல் என்று நினைத்துக்கொண்டு ஸ்தென்கா சாவியைக் கொடுத்தாள். விலெம் முட்டியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டான். பக்கத்துக் கூடாரத்தின் திசையிலேயே பார்க்கப் பிடிக்காமல் ஸ்தென்கா ஏரிக்குப் போய்விட்டாள். இடுப்பளவு தண்ணீரில் வெகுநேரம் சும்மா நின்றாள்.

திரும்பி வந்தபோது ஜெர்மன் கூடாரம் நின்றுகொண்டுதான் இருந்தது. கொடியில் துண்டுகள் காய்ந்தன. அடுப்பின் மேல் பாத்திரம் இருந்தது. டிராபன்டும் அதே இடத்தில் நின்றது. ஆனால் வாசலில் எப்போதும் கிடக்கும் மூன்று ஜோடிச் செருப்புகளையும் காணோம்.

போய்விட்டார்கள். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள். முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. அதை நினைத்து வெட்கப்படுவதற்குள் இன்னொன்று உறைத்தது. காரை எடுக்காமல் எப்படிப் போனார்கள்?

திரும்பிப் பார்த்தாள். ஸ்கோடா நின்ற இடத்தில் புல் மஞ்சளாகப் படிந்து கிடந்தது. டவுனுக்குப் போக எடுத்த கார். பத்து நிமிஷ வழி. ராட்கா போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

"விலெம்! எழுந்திரு! விலெம்!"

அவன் திடுக்கிட்டு எழுந்தான். "என்ன? யாருக்கு என்ன?"

"ராட்கா அவங்களை எல்லைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா."

"எவங்களை?"

ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். குழாயடியில் கெர்லிண்ட் கேட்டதையும், தான் கேட்டுச் சொல்கிறேன் என்றதையும், முடியாது என்று பதில் போனதையும் சொன்னாள். விலெமுக்கு இன்னும் தூக்கம் முழுதாகக் கலையவில்லை.

"அப்போ யார் முடியாதுன்னது?"

"நீ."

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

"நான் சொன்னேன். நீ சொன்னதா."

விலெமின் கண் மெல்ல அந்தக் கயிற்றுப் பக்கம் போனது. காலையில் தோளைப் பிடித்துக்கொண்டு இங்கோல்ஃப் சொன்னது எதைப் பற்றி என்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"நான் சிரிச்சேனே," என்றான். "அவன் முகத்துக்கு நேரா சிரிச்சேனே, ஸ்தென்கா."

"நீ சரின்னுடுவேன்னு பயந்துட்டேன். உன்னைப் பத்தி எனக்குத் தெரியும். கை தூக்காதவன் ஆச்சே நீ..."

"என்ன தெரியும் உனக்கு?" அவன் குரலை உயர்த்தவில்லை. "இன்னிக்குக் கேட்டிருந்தா நானும் முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். ராட்காவோட படிப்பை நினைச்சு, வாயைக் கடிச்சுக்கிட்டு அதைத்தான் சொல்லியிருப்பேன். அன்னிக்கு அந்தக் கையைத் தூக்கித் தொலைச்சிருக்கலாம்னு நான் நினைக்காத நாள் உண்டா? அவளுக்கு ரெண்டாவது தடவையும் இடம் இல்லைன்னு வந்த அன்னிக்கு பம்ப் ரூம்ல உக்காந்து அழுதேன். உனக்குத் தெரியாது."

ஸ்தென்காவுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அவனை ஒரு பிடிவாதக்காரனாகவே மனசில் வைத்துக்கொண்டு, அவனுக்காகவும் சேர்த்துத் தான்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

"ஆனா நானே சொல்லியிருப்பேன்," என்றான் விலெம். "அவன் கண்ணைப் பாத்து, நண்பா என்னால முடியலைடான்னு நானே சொல்லியிருப்பேன். அதை எங்கிட்டேருந்து எடுத்துட்டியே."

அவன் முகாம் வாசலுக்கும் கூடாரத்துக்கும் நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தான். எந்த மகளை இதில் இழுக்கக் கூடாதென்று அந்த ஜெர்மன்காரன் வாயைத் திறக்காமல் இருந்தானோ, எந்த மகளுக்காகத் தான் பொய் சொன்னாளோ, அவளே இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அங்கே எங்கோ இருக்கிறாள். விலெம் போயிருந்தால் அவள் இங்கே ஐஸ்கிரீம் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பாள். ஸ்தென்கா இதையே நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஸ்கோடா வந்தது. ராட்கா மட்டும்தான் இருந்தாள். இறங்கியவளின் இரண்டு கையிலும் சோளத் தோகை கிழித்த கீறல்கள்.

ஸ்தென்கா அவளைக் கட்டிக்கொள்ளப் போனாள். ராட்கா விலகவில்லை. ஆனால் அணைக்கவும் இல்லை.

"கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். சில்கே என் கழுத்தை விடலை. அப்புறம் அவரே பிரிச்சு எடுத்து முதுகுல போட்டுக்கிட்டார்."

"தாண்டிட்டாங்களா?" என்றான் விலெம்.

"தெரியலப்பா. எங்கேயோ ஒரு நாய் குரைச்சுது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு வந்துட்டேன்." அவள் அப்பாவை நேராகப் பார்த்தாள். "காலையில அவர் சொன்னது பந்தைப் பத்தி இல்லைன்னு எனக்குத் தோணுச்சு. போய்க் கேட்டேன். கெர்லிண்ட் சொன்னாங்க. உங்களால எப்படிப்பா முடியாதுன்னு சொல்ல முடிஞ்சுது? வழி பூரா உங்க மேல அவ்வளவு கோபமா வந்துச்சு. பிரியும்போது உங்களுக்காக அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்."

விலெம் ஸ்தென்காவைப் பார்க்கவில்லை. மகளுக்குப் பதிலும் சொல்லவில்லை. காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை என்பது ஸ்தென்காவுக்குப் புரிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அப்பாவுக்கு எதுவுமே தெரியாது, ராட்கா," என்றாள். "அவரை நான் கேக்கவே இல்லை. நான்தான் சொன்னேன்."

ராட்கா புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்ததும் காரின் மேல் சாய்ந்துகொண்டாள்.

"அப்போ நான் அவர்கிட்ட சொன்னது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். திருப்பிச் சொல்ல இனி அவர்களுக்கு முகவரி கிடையாது.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"இன்னொண்ணும் இருக்குப்பா. திரும்பி வரும்போது சோளக்காட்டு ஓரம் ஒரு போலீஸ்காரன் நின்னான். நிறுத்தல. நம்பரை மட்டும் எழுதிக்கிட்டான்."

"உன் முகத்தைப் பாத்தானா?"

"குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தான். நிமிர்ந்து பாத்தானான்னு தெரியலை."

விலெம் அவள் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டான். "வண்டி ஓட்டினது நான். நீ பொழுதுக்கும் இங்கேதான் தூங்கிக்கிட்டிருந்தே. யார் கேட்டாலும் இதுதான். நீ அழுதாலும் இதுதான்."

"அப்பா..."

"படிக்கப் போறவ நீ."

"நான் சொல்றேன்," என்றாள் ஸ்தென்கா. "எல்லாம் என்னால வந்தது. நான்தான் ஓட்டினேன்னு நான் சொல்றேன்."

விலெம் அன்று மாலை முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை.

"உனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஸ்தென்கா."

அது உண்மைதான். விடிந்தால் ஊருக்குத் திரும்பும் வழியில், கொமார்னோ பாலத்தில் எல்லைச் சோதனைச் சாவடி. மூன்று பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு, முதல் கேள்வியை அவர்கள் யார் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள் என்று அந்த மூவரில் யாருக்கும் தெரியவில்லை.